கோணல் வாளிக்குப் பட்டயமா?

ஆழ்கேணி என்றொரு நாடு. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, அதை மேலே கொண்டுவருவதற்குத்தான் பெரும்பாடு. கிணறுகள் அத்தனை ஆழம். கயிற்றில் இறக்கிய செப்பு வாளி தண்ணீரைத் தொட்டதும் முங்காமல் நிமிர்ந்து நின்று மிதக்கும். கயிற்றை உதறி, சுண்டி, வாளியைக் கெஞ்சிக் கூத்தாடிக் கவிழ்த்தால்தான் தண்ணீர் ஏறும். தோள்வலி இல்லாத பெண் அந்த ஊரில் கிடையாது.

வாளி செய்யும் கன்னார்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது வாளியை வெறுமையாகத் தங்கள் சங்கத்துக் கொக்கியில் மாட்டுவார்கள். விளிம்பு மட்டமாக நின்றால் விற்பனைக்கான முத்திரை விழும். துளி சாய்ந்தாலும் உருக்கத்தான். வாளி மிதப்பதற்குக் காரணம் அடி லேசாக இருப்பதுதான் என்று எண்ணி, தலைமுறை தலைமுறையாக அடியைக் கனமாக்கிக்கொண்டே வந்தார்கள். அடி கனக்கக் கனக்க அது இன்னும் ஜம்மென்று நிமிர்ந்து மிதந்தது. அவர்களும் சளைக்காமல் இன்னும் கொஞ்சம் செம்பைச் சேர்த்தார்கள்!

அரசி பெருநங்கை ஓர் அறிவிப்புச் செய்தாள். நீர் இறைப்பதை எளிதாக்கும் புதுப்பொருளைச் செய்பவருக்குப் பட்டயம் உண்டு. அதை அவர் ஒருவரே செய்து விற்கலாம். நிபந்தனையும் உண்டு. புதிதாக இருந்தால் மட்டும் போதாது. தொழில் தெரிந்த எவரும் வழக்கமான யோசனையிலேயே போய்ச் சேரக்கூடியதாகவும் அது இருக்கக் கூடாது.

மூவர் வந்தார்கள். முதலாமவர் கன்னார் சங்கத் தலைவர் ஆவுடையப்பன். அவர் கொண்டுவந்த வாளியில் செதுக்கிய மயில் தோகை விரித்திருந்தது. அப்படியொரு வாளியை உலகம் பார்த்ததில்லை என்பது உண்மைதான்.

இரண்டாமவன் தச்சன் திருமலை. கிணற்று உருளையை இருமடங்கு பெரிதாக்கியிருந்தான். கயிறு உண்மையிலேயே இலகுவாக ஓடியது. ராப்பகலாக இழைத்ததில் பாவம், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

மூன்றாமவள் செண்பகவல்லி. கணவனோடு சேர்ந்து பட்டறை நடத்துபவள், வாய் ஓயாதவள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே ஈயம் பூசும்போது, ஒரு கட்டி வாளியின் விளிம்பில் ஒரு பக்கமாக விழுந்து ஒட்டிக்கொண்டது. விற்க முடியாத வாளியாயிற்றே என்று தன் வீட்டுக் கிணற்றில் இறக்கினாள். அது தண்ணீரைத் தொட்டதும் தலை சாய்த்தது, குடித்தது, முங்கியது. செண்பகவல்லிக்கு வாயடைத்துப்போனது. அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் வேண்டுமென்றே கட்டி வைத்துச் சில வாளிகள் செய்தாள். சங்கத்துக் கொக்கியில் எல்லாம் கோணின. ஆவுடையப்பன் அவள் பட்டறையின் முத்திரை உரிமையையே பறித்துவிட்டார். முத்திரை இல்லாத பட்டறையில் யாரும் வாங்கக் கூடாது. பட்டயம் கிடைத்தால் முத்திரையும் திரும்பும். இல்லாவிட்டால் அவள் உலையை அணைத்துவிட வேண்டியதுதான்.

அரசி பொருள்களைப் பார்க்குமுன் கூடியிருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“உருளை இறுக்கமாகச் சுற்றினால் என்ன செய்வீர்கள்?”

“பெருசாக்கிப் பார்ப்போம் தாயே!” என்றார்கள் தச்சர்கள் எல்லாரும்.

“வாளி மிதந்தால்?”

“அடியில இன்னும் கொஞ்சம் செம்பு!” என்றார்கள் கன்னார்கள், ஒரே குரலில்.

பிறகு அரண்மனைக் கிணற்றில் செண்பகவல்லியின் வாளி இறங்கியது. தொட்டதும் முங்கியது. நீர் நிறைந்ததும் அந்தக் கனத்தில் கோணல் நிமிர்ந்து, சிந்தாமல் மேலே வந்தது. கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அடுத்த கணமே எல்லாரும் மேதைகளாகிவிட்டார்கள்.

“இதுல என்ன தாயே இருக்கு?” என்றார் ஆவுடையப்பன். “ஓரத்துல ஈயத்தை அப்பினா கவிழாதா? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!”

“தெரிஞ்சுமா மாமா இத்தனை காலம் சும்மா இருந்தீங்க?” என்றாள் செண்பகவல்லி.

“நீ மட்டும் யோசிச்சா செஞ்சே? கை தவறி விழுந்ததுதானே! கைத்தவறுக்கெல்லாம் பட்டயமா?”

“நான் ராப்பகலா உழைச்சிருக்கேன் தாயே,” என்றான் திருமலை. “இந்த அம்மா வம்பு பேசிக்கிட்டே செஞ்சது!”

“கை தவறித்தான் விழுந்துச்சு. இல்லேன்னு சொல்லல,” என்றாள் அவள். “ஆனா சுரண்டி எறியாம, திரும்பவும் செஞ்சு பார்த்தது நான்தானே தாயே?”

வாசகரே, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். மயிலின் புதுமையா, உருளையின் உழைப்பா, கை தவறி வந்த கோணலா? பட்டயம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: செண்பகவல்லிக்கே. மயில் புதிதுதான், ஆனால் அதனால் ஒரு சொட்டு நீரும் எளிதாக ஏறவில்லை. உருளை பயனுள்ளது, ஆனால் தச்சர் அத்தனை பேரும் பார்க்காமலே அந்த வழியைச் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு வியர்வை சிந்தினாலும் தெரிந்த வழி தெரிந்த வழிதான். கோணல் வாளியையோ கன்னார் ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். பார்த்த பிறகு எளிதாகத் தெரிவது கணக்கில் வராது; பார்க்குமுன் தெரிந்ததா என்பதே கேள்வி. அது கை தவறி வந்ததா, மண்டையை உடைத்துக்கொண்டு வந்ததா என்று நிபந்தனை கேட்கவேயில்லை. பட்டயமும் முத்திரையும் கையில் வந்த அன்று அவள் பட்டறைக்கு முதல் ஆளாக வந்தவள் ஆவுடையப்பனின் மனைவி. “ஒண்ணு குடுடி, தோள் விட்டுப்போகுது. உங்க மாமாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே!” என்றாள்.