கழுவி வைத்த தட்டு

ஒரு கதவு. அதைத் திறந்தது நான்தான் என்று சொல்கிறவர்கள் மூன்று பேர். நடந்ததைச் சொல்கிறேன், கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு வரிசையில் மூன்று வீடுகள். மூன்றுக்கும் சேர்த்துப் பின்வாசலில் ஒரே குழாய். பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒருத்தியைத் தவிர ஆள் இருக்காது.

நடு வீட்டில் சென்னியப்பன், அவர் மனைவி ருக்மணி, மகன் திருமூர்த்தி, மகள் மேகலா. திருமூர்த்தி படித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போனான். நான்கே மாதத்தில் வேலை போய் ஊர் திரும்பினான். வந்தவன் சின்ன அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். முதலில் ஒரு வாரம் என்றார்கள். அப்புறம் ஒரு மாதம். அப்படியே பதினாலு மாதம் ஆகிவிட்டது.

ருக்மணி ஊர் வாய்க்குப் பயந்து, "பையன் மஸ்கட்ல இருக்கானுங்க" என்று சொல்லிவைத்தாள். யாராவது வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள், உள்ளே இருமினாலும் வெளியே கேட்காது.

காலையில் வேலைக்குப் போகும்போது அறை வாசலில் சோற்றுத் தட்டை மூடி வைப்பாள். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டு பளிச்சென்று கவிழ்ந்திருக்கும். "ஒரு பருக்கை விடாம வழிச்சுச் சாப்பிடறான் எம்மவன்" என்று சந்தோஷப்படுவாள். விருந்தாளி தங்கியிருக்கும் நாட்களில் மட்டும் தட்டு வெளியே வராது.

சென்னியப்பனுக்குப் பொறுமை போயிற்று. ஒரு நாள் திருப்புளியை எடுத்துவந்து கதவிடுக்கில் விட்டு நெம்பித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். திருமூர்த்தி உள்ளேயிருந்து கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான்.

பத்து நாள் கழித்து மேகலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனும் பிடித்திருக்கிறது என்றான், மேகலாவுக்கும் பிடித்திருந்தது. பையனின் அம்மா பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"எங்கண்ணன் பையனும் மஸ்கட்லதானுங்க இருக்கான். தம்பி நம்பரைக் குடுங்க, வர்ற வெள்ளிக்கிழமை லீவுல போயிப் பாத்துட்டு வரட்டும்."

ருக்மணி டிவி சத்தத்தைக் கூட்டினாள். சென்னியப்பன் மின்விசிறியைப் பார்த்தார். காபித் தட்டோடு நின்ற மேகலாதான் பேசினாள்.

"அவ்வளவு தூரம் எதுக்குங்க அத்தை? அண்ணன் இந்தா, இந்த ரூம்லதான் இருக்கான். மனசுக்கு முடியாம இருக்கான். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகோணும்."

"சொல்லி அனுப்பறோமுங்க" என்று அவர்கள் எழுந்து போனார்கள்.

கார் சத்தம் தெருமுனை தாண்டியதும் உள்ளே கட்டில் நகர்ந்தது. தாடியும் முடியுமாகத் திருமூர்த்தி வெளியே வந்து நின்றான், கையில் காலித் தட்டு. "காபி இருக்குதா?" என்றான்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டைதான். "தாழ்ப்பாளைக் கழட்டுனது நானு" என்கிறார் சென்னியப்பன். "ஒரு கேள்வி கேக்காம பதினாலு மாசம் சோறு வெச்சது ஆரு?" என்கிறாள் ருக்மணி. "சொன்னது நான், சம்பந்தம் போனதும் எனக்குத்தான்" என்கிறாள் மேகலா.

நீங்கள் சொல்லுங்கள், அந்தக் கதவைத் திறந்தது யார்?

விடை: மூவரும் இல்லை. அறைக்குள் குழாய் கிடையாது, தட்டு எப்படிப் பளிச்சென்று ஆகும்? அவனே தினமும் கதவைத் திறந்து பின்வாசலுக்கு வந்து கழுவி வைத்திருக்கிறான். மனிதர் முன்னால் வரத்தான் வழியில்லை; மஸ்கட்டில் இருப்பவன் வீட்டுக்குள்ளிருந்து எப்படி வருவான்? மேகலா திறந்தது கதவை இல்லை, அந்தப் பொய்யை. அதனால் மூவரில் அவள் செய்ததுதான் சரி. பெண் பார்த்தவர்களிடமிருந்து இன்னும் தகவல் வரவில்லை. அண்ணனும் தங்கையும் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போய் வந்தார்கள். மூன்றாவது வீட்டுக்காரி நான்தான். தினமும் மதியம் இரண்டு மணிக்குத் திருமூர்த்தி தலைகுனிந்து தட்டுக் கழுவுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கூச்சத்தில் "சாப்பிட்டீங்களா" என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அது சரியா தப்பா என்பதற்கு மட்டும் என்னிடம் விடை இருக்கிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை.