யாரும் தொடாத பிள்ளை

"சாமி, சின்னச் சாமிக்குப் பேச்சு நின்னுபோச்சு."

உச்சிகாலப் பூசை முடிந்து பெரிய சாமி தனியாக இருந்த நேரம் பார்த்துத் தம்பிரான் இதைச் சொன்னார். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான்.

"பதிகம் சொல்லுதா?"

"அதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒரு எழுத்துப் பிசகாது. ஆனா தாகம் எடுத்தா தண்ணி கேக்கத் தெரியல. நேத்து கால்ல முள்ளு குத்தியிருக்கு, யார்கிட்டயும் சொல்லல. நொண்டிக்கிட்டே பூசைக்கு வந்து நின்னப்பதான் நான் பாத்தேன்."

"வைத்தியர் என்ன சொல்றார்?"

"வசம்பு உரசி நாக்குல தடவினார். டவுன் டாக்டர் காதைப் பாத்தார், தொண்டையைப் பாத்தார். எல்லாம் நல்லா இருக்குன்னுட்டுப் போயிட்டார்."

சின்னச் சாமி என்றதும் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை. பெரிய சாமிக்குப் பிறகு மடத்துப் பட்டத்துக்கு இவன்தான் என்று ஜாதகம் பார்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். சேந்தன் என்பது பெற்றவள் வைத்த பெயர்.

வந்த அன்று அவனுக்கு வாய் ஓயவில்லை. மடத்து யானைக்குப் பல் தேய்த்து விடுவது யார், யானைக்குச் சளி பிடிக்குமா, யானை அம்மாவை விட்டுவிட்டு ஏன் வந்தது என்று பாகனைக் குடைந்து எடுத்துவிட்டான்.

மறுநாள் தீட்சை கொடுத்தார்கள்.

தீட்சை ஆன பிள்ளையை யாரும் தொடக்கூடாது. எதிரில் உட்காரக்கூடாது. பேர் சொல்லக்கூடாது. மடத்து வழக்கம் அது. பெற்றவளுக்கும் அதே வழக்கம்தான். வருகிற தை மாதம் இளைய பட்டம் கட்டிவிட்டால் ஆயுசுக்கும் அப்படித்தான்.

பெரிய சாமியும் பால் பல் விழுமுன் வந்தவர். மடத்தில் அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, யாரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

"பிள்ளை யாரோட விளையாடுது?" என்று கேட்டார் பெரிய சாமி.

தம்பிரானுக்குக் கேள்வி விளங்கவில்லை.

"சாமி, அவர் சின்னச் சாமி."

"நாளைக்கு நாலு பிள்ளைகளைக் கூப்பிடும்."

*

சமையல்காரர் வீட்டுப் பிள்ளைகளும் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். குளித்து, திருநீறு பூசி, தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்ததும் வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள். பிறகு ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

"எப்படி இருந்துது?" என்று மறுநாள் பெரிய சாமி கேட்டார்.

"சாயந்தரம் பூரா விளையாட்டுத்தான், சாமி."

"யார் ஜெயிச்சது?"

"சின்னச் சாமிதான். அவர் துரத்தினா பிள்ளைங்க அப்படியே நின்னுடுதுங்க. அவர் தொட்டதும் கன்னத்துல போட்டுக்குதுங்க. அவரைத் துரத்துற முறை வந்தா ஒண்ணும் கிட்டப் போகல."

"சிரிச்சுதா?"

"இல்ல."

"சண்டை வந்துதா?"

"சாமி புண்ணியத்துல அப்படி ஒண்ணும் வரல." தம்பிரான் இதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

"அப்ப அவங்க விளையாடல."

*

தம்பிரான் உட்கார்ந்து யோசித்தார். தொடாமல் ஆடுகிற ஆட்டமாக ஒன்று வேண்டும். கண்ணாமூச்சி ஞாபகம் வந்தது. ஒளிந்தவனைக் கண்டுபிடித்தால் போதும், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார்.

கண்டுபிடித்தவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஆள் அவுட் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் ஆடி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"இன்னைக்கு யாரும் கும்பிடக் கூடாது. நிஜமா ஆடணும்," என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சமையல்காரர் மகள் பவளக்கொடி கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணினாள். ஆளுக்கொரு பக்கம் ஓடி ஒளிந்தார்கள். சின்னச் சாமி நெல் குதிருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான்.

"வேலா, கண்டுட்டேன். தூணுக்குப் பின்னாடி."

"அன்னம், கண்டுட்டேன்."

பிடிபட்டதுகள் எல்லாம் சிரித்துக்கொண்டு வெளியே வந்தன. கடைசியாகப் பவளக்கொடி குதிருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். மடத்துக்கு வந்து மாசக்கணக்கில் சிரிக்காத பிள்ளை. பாதி எழுந்துவிட்டான், வெளியே ஓடி வர.

பவளக்கொடிக்கு அவன் பேர் தெரியும். வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பேரைச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். மூடிக்கொண்டாள்.

ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள்.

அவன் மறுபடி குந்திக்கொண்டான். இன்னும் தேடுகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ. பிள்ளைகள் வேறு ஆட்டம் ஆடினார்கள். விளக்கு வைக்கும் நேரமானதும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

*

தம்பிரான் ஓட்டமும் நடையுமாகப் பெரிய சாமியிடம் வந்தார்.

"சாமி, பேசிட்டார்."

"என்ன பேசிச்சு?"

"குதிருக்குப் பின்னாலேயே இருந்திருக்கார், சாமி. வேட்டியெல்லாம் ஈரம். என்னைப் பாத்ததும், 'என்னை ஏன் யாரும் கண்டுபிடிக்கல'ன்னு கேட்டார். தெளிவாக் கேட்டார்."

"நீர் என்ன சொன்னீர்?"

"'சாமியைக் கண்டுபிடிக்கிற தகுதி யாருக்கு இருக்கு'ன்னு சொன்னேன்."

நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று தம்பிரான் நின்றார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வரவேண்டும். வரவில்லை. பாவம், அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார்.

பெரிய சாமி அழுதார். சத்தம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"சாமி?"

"என்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க."

தம்பிரான் தரையைப் பார்த்தார்.

"காலையில பிள்ளையை வீட்டுல கொண்டுபோய் விடும்."

"பட்டம், சாமி?"

"வீட்டுல விடும்."

"உங்களுக்கு அப்புறம் யாரு? இத்தனை தலைமுறையா வந்த மடம் இது."

"பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கும்," என்றார் பெரிய சாமி. "காவி வேண்டாம்."

*

கடையில் வாங்கிய சட்டை தோளுக்குத் தோள் ஒரு சாண் பெரிதாக இருந்தது. காரில் வரும்போது சேந்தன் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெரு முனையில் இறங்கி நடந்தார்கள். வீட்டு வாசலில் அவன் அம்மா தெய்வானை நின்றிருந்தாள். தகவல் முன்பே சொல்லியிருந்தார்கள். பிள்ளையைப் பார்த்ததும் ஓடி வந்தாள். ஓடி வந்தவள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றாள். பிறகு தெருவிலேயே விழுந்து அவனைக் கும்பிட்டாள்.

"எழுந்திரும்மா. இனிமே சாமி இல்ல. உன் பிள்ளை," என்றார் தம்பிரான்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் மடத்துக்குப் போய், கூட்டத்தோடு வரிசையில் நின்று, சொந்தப் பிள்ளையைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வந்தவள். கைக்கு வேறெதுவும் மறந்துபோயிருந்தது. அவள் அழுகிற சத்தம் மட்டும் மண்ணிலிருந்து வந்தது.

சேந்தன் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தான். தரையில் குச்சியால் பாண்டிக் கட்டம் போட்டிருந்தது. அதன்மேல் கால் வைத்துவிட்டான்.

பக்கத்து வீட்டுக் குயிலி நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். அவன் வயதுதான் இருக்கும். நேராக வந்தாள். முதுகில் ஒன்று வைத்தாள்.

"அடியே, சாமிடி," என்றாள் தெய்வானை, படுத்திருந்தபடியே.

"கோட்டை மிதிக்கிறான்."

"மிதிக்கல," என்றான் சேந்தன்.

தம்பிரான் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"மிதிச்ச."

"நான் மிதிக்கல. என் கால் இங்க இருந்துது. கோடு அங்க இருக்கு."

"அழிஞ்சிருக்கு பார். நீதான் அழிச்ச."

"நீ நொண்டி அடிச்சப்பவே அழிஞ்சிருக்கும்."

அவள் இன்னொன்று வைத்தாள். அவன் திருப்பி வைத்தான். பிறகு ஓவென்று அழுதான். அழுதுகொண்டே, விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடர்ந்தான். கார் கிளம்பும்வரை கோடு யார் அழித்தது என்று முடிவாகவில்லை.

*

"பேசிச்சா?" என்று கேட்டார் பெரிய சாமி.

"சண்டை போட்டார், சாமி." தம்பிரான் கொஞ்சம் தயங்கினார். "போட்டான்."

"யாரோட?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு. கோட்டை மிதிச்சிட்டான்னு முதுகுல ஒண்ணு வச்சுது."

"அடிச்சுதா?"

"ஆமா, சாமி."

"வலிச்சிருக்குமா?"

"சின்னப் பிள்ளை அடிதானே. பட்டுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

தம்பிரான் போகலாமா நிற்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய சாமி மேல்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். எலும்பு தெரிகிற, தளர்ந்த முதுகு.

"எப்படின்னு காட்டும்," என்றார்.

தம்பிரானுக்குக் கை உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றது.

"யாரும் பாக்கல, தம்பிரான்," என்றார் பெரிய சாமி.