இருநூறு வாட்

பொன்னுரங்கத்துக்கு இருநூறு வாட் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். உடனே வேண்டும்.

இது நான்காவது. முதலில் நாற்பது வாட் வைத்திருந்தார், பாட்டு மங்கியது. அறுபது வாங்கினார், ஆறே மாதத்தில் அதுவும் மங்கியது. நூறு வாங்கி, குமிழை முக்கால்வாசி திருகி வைத்தும் வயலின் அடுத்த தெருவில் வாசிப்பது போலிருந்தது. ஆம்ப்ளிஃபயர்களெல்லாம் சேர்ந்து தன்னை ஏமாற்றுவதாக மனிதர் நம்பினார். நம்பத்தான் விரும்பினார். வேறொரு காரணமும் மனதில் வந்து வந்து போனது. அது வரும்போதெல்லாம் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார்.

ரயில்வே பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் சத்தத்தை வைத்தே விரிசலைச் சொன்ன காது அது. அந்தக் காதையே சந்தேகப்படுவதா? அடுப்படியில் குக்கர் விசில் அடிப்பது இப்போதெல்லாம் அவருக்குத் தெரிவதில்லை. குக்கர் பழசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்.

திருச்சி பாலக்கரையில் ஆம்ப்ளிஃபயர் செய்து தரும் ஹபீபாவிடம் போனார். இவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். இசையை எப்படிக் கேட்பது என்று இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அவரிடம் பாடம் கேட்டதால், பொன்னுரங்கத்துக்கு அவர் டீச்சர். அன்று மனைவி விசாலமும் கூட வந்திருந்தாள். அவளை வாசலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

“டீச்சர், இருநூறு வாட்ல ஒண்ணு வேணும்.”

“ரூம் எவ்வளவு பெரிசு?”

“பத்துக்குப் பத்து.”

“அதுக்கு இருநூறு வாட்டா? கல்யாண மண்டபமா நடத்துறீங்க?”

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை.

ஹபீபா மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியை ஸ்பீக்கரில் இணைத்தார். “இதைக் கேட்டுச் சொல்லுங்க.”

ஹபீபாவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆம்ப்ளிஃபயரையும் முதலில் பாட்டுப் போட்டுச் சோதிக்க மாட்டார். ஒன்றும் போடாமல், வால்யூமை முழுக்கத் திருகி, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்க வேண்டும். இரைச்சல் இருந்தால் அந்தப் பெட்டி ஆகாது.

பொன்னுரங்கம் குனிந்து காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

“சுத்தம் டீச்சர்! துளி இரைச்சல் இல்ல. இதையே குடுத்துடுங்க.”

ஹபீபா பெட்டியை அணைத்துவிட்டு அவருக்கு நேரெதிரே வந்து நின்றார். கொஞ்ச நாளாகவே அவர் இப்படி முகத்துக்கு முகம் பார்த்துத்தான் பேசுகிறார்.

“ஐயா, இது பழுதுக்கு வந்த பெட்டி. இரைச்சல் தாங்க முடியலன்னு கொண்டுவந்து போட்டிருக்காங்க.”

பொன்னுரங்கம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மூணாவது பெட்டி கேட்டு வந்தீங்கல்ல, அப்பவே.”

“விசாலத்துக்குத் தெரியாது டீச்சர். என்ன சொன்னாலும் சரி, சரின்னு தலையாட்டிச் சமாளிச்சுக்கிட்டு இருக்கேன். போன வாரம் எதையோ சொல்லி அழுதா. அதுக்கும் சரின்னுட்டேன்.”

ஹபீபாவின் பார்வை அவர் தோளைத் தாண்டி வாசல் பக்கம் போய்த் திரும்பியது.

“பயமா இருக்கு டீச்சர். இருநூறு பத்தாதுன்னா நானூறு குடுங்க. எப்படியாவது சமாளிச்சுடறேன். காது போனது தெரிஞ்சா, அப்புறம் எங்கிட்ட யாரு பேசுவா?”

“உங்க வீட்டம்மா மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க,” என்றார் ஹபீபா. “திரும்பிப் பாருங்க.”