போயிட்டு வரச் சொன்ன வெப்சைட்

கோவில்பட்டியில் ஒரு சைக்கிள் கடை மாடியில், வெப்சைட் செய்துகொடுக்கும் மேதைகள் மூவர் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வது அவர்களுடைய கொள்கை. அதற்கு மேல் யோசிப்பதை மரியாதைக் குறைவாக நினைத்தார்கள்.

முதலாளி இசக்கியப்பனுக்குக் கவலை ஒன்றுதான். இருக்கிற ஒரே வாடிக்கையாளர் கடலைமிட்டாய்க் கடை தங்கமாரி அண்ணாச்சி. அவரும் கைநழுவினால் கம்பெனியை மூடிவிட்டு, மாமனாரின் சிமெண்டு மூட்டைகளுக்குக் காவல் உட்கார வேண்டியதுதான். மாமனார் அதற்கு நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார்.

ஒருநாள் அண்ணாச்சி போனில் சொன்னார்: “தம்பி, ஆர்டர் பக்கத்துக்குப் புது முகவரி குடுத்தாச்சுல்லா? பழைய முகவரிக்கு வாரவங்களைப் புதுசுக்கு அனுப்பிருங்க. யார் மனசும் கோணாம, மரியாதையா அனுப்பணும்.”

மூவரும் வெப்சைட் கட்ட உதவும் ஃபிரேம்ஒர்க்கின் கையேட்டைப் பிரித்தார்கள். நாம் எந்த நம்பரும் கொடுக்காவிட்டால் அது 302 என்று சொல்லி ஆளை அனுப்புமாம். தற்காலிகமாகப் போ என்று அர்த்தம். நிரந்தரமாகப் போ என்று சொல்ல, 301 என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜெபராணி பதறிப்போனாள். “அண்ணே, நிரந்தரமாப் போயிட்டாருன்னு யாரைச் சொல்லுவாங்க? செத்தவங்களைல்லா! மிட்டாய் வாங்க வந்தவங்களைப் போய் அப்படிச் சொல்லலாமா?”

“ஆத்தாடி, வேண்டாம். 302-ஏ இருக்கட்டும்,” என்றான் இசக்கியப்பன்.

சுடலைமுத்து நெற்றியைத் தேய்த்தான். “இருக்கட்டும்ணே. ஆனா வெறுமனே போன்னு அனுப்பலாமா? எங்க வீட்டுல தெருமுனைக்குப் போனாலும் போயிட்டு வாரேன்னுதான் சொல்லணும். போறதுக்கு ஒரு 302 போட்டா, வாரதுக்கும் ஒண்ணு போடணும்லா?”

இப்படி ஒரு நியாயம் கையேடு எழுதினவனுக்கே தோன்றவில்லையே என்று இசக்கியப்பன் பூரித்துப்போனான். அன்றே பழைய பக்கம் வந்தவர்களைப் புதிய பக்கத்துக்கு அனுப்பியது. புதிய பக்கம் அவர்களைப் பழைய பக்கத்துக்கே அனுப்பியது.

மறுநாள் பார்த்தால் வெப்சைட்டில் கூட்டம் அலைமோதியது. ஒரே ஆள் கண்ணை மூடித் திறப்பதற்குள் பல தடவை வந்து போயிருந்தார். ஜெபராணி எல்லாருக்கும் காரச்சேவு வாங்கிக் கொடுத்தாள்.

சேவு தீருமுன் அண்ணாச்சியின் போன் வந்தது. “ஏய், காலையிலேர்ந்து ஒரு ஆர்டர் வரலை! நானே உள்ள போய்ப் பாத்தேன். என்னையே அங்கயும் இங்கயும் அலைய விட்டுட்டாங்கன்னு பிரவுசர் பஞ்சாயத்து வைக்குது. இந்தா நேர்லயே வாரேன். இன்னையோட உங்க சங்காத்தமே வேண்டாம்!”

இசக்கியப்பன் சேவுப் பொட்டலத்தைக் கீழே வைத்தான். “எப்படியாவது மனுஷனைக் குளிர வைக்கணும்ப்பா. வரவேற்புல ஒரு குறையும் இருக்கக் கூடாது,” என்றான்.

சுடலைமுத்து ஓடிப்போய் முன்பக்கப் படிகளைச் சோப்புப் போட்டுக் கழுவினான். வழுக்குமே என்று, ‘பின்பக்கப் படி வழியாக வரவும்’ என ஓர் அட்டையும் மாட்டினான். ஜெபராணிக்கு அது தெரியாது. அவ்வளவு பெரிய மனுஷர் கக்கூஸ் ஓரமாக ஏறி வருவதா என்று மனசு கேட்காமல், பின்பக்கம் அவளும் ஓர் அட்டை மாட்டினாள்: ‘முன்பக்கப் படி வழியாக வரவும்.’

நேரம் போனது. யாரும் மேலே வரவில்லை.

“அண்ணாச்சி நம்மளை விட்டுப் போயிட்டாராண்ணே?” என்றாள் ஜெபராணி.

இசக்கியப்பன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“எங்க போறாரு? இப்பதான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பின்பக்கமாப் போனாரு. இந்தா, திரும்பவும் முன்பக்கமா வாராரு. நம்மளை விட்டுட்டுப் போக மனுஷனுக்கு மனசே வரலை பாரு!”