அரசாங்க உத்தரவில் தவசிமுத்து பேர்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் தவசிமுத்து அண்ணன் புளுகுக்கு எட்டு நிமிஷம்தான் ஆயுசு. ஆனால் ஒன்பதாவது நிமிஷத்தில் அதைவிடப் பெரியதாக இன்னொன்றைத் தயாராக வைத்திருப்பார், அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

என் பேர் அய்யாவு. மதுரையில் ஒரு வீட்டுவசதிக் குடியிருப்பு வாசலில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். வண்டிக்குப் பின்னாலேயே எங்கள் கூட்டுத் தோட்டம். பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துப் போட்ட இடத்தில் எட்டுக் குடும்பம் சேர்ந்து கத்தரி, வெண்டை, கீரை என்று போட்டு வருகிறோம். எனக்கும் ஒரு பாத்தி உண்டு. இஸ்திரிப் பெட்டிச் சாம்பலை உரக்குழியில் கொட்டுவது என் பங்கு. மிச்ச வேலையில் முக்கால்வாசி ஜெயராணி அக்கா தலையில். தவசிமுத்து அண்ணன் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர், தோட்டக் குழுவுக்குத் தலைவர். அவருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? பேச்சு.

போன சித்திரையில் தோட்டத்துக்குக் கெட்ட காலம் பிடித்தது. மண் பாளம் பாளமாக வெடித்துப் போச்சு. போர் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது. "இது தோட்டமா, பொட்டலா? பேசாம காரை நிப்பாட்டலாம்" என்று குடியிருப்புச் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். மாசக் கடைசிக்குள் ஒரு வழி செய்யாவிட்டால் இடம் கைமாறும். எதிர் பிளாக்குக்காரர் ஒருவர் அதுவரைகூடப் பொறுக்கவில்லை. சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து கார் அளவுக்குக் கோடு போட்டுப் பார்த்தார். கோடு ஜெயராணி அக்காவின் கத்தரிப் பாத்தி நடுவே போனது.

மறுநாள் அக்காவே ஒரு சேதி கொண்டு வந்தாள். ஊருக்குள்ளே இருக்கிற கூட்டுத் தோட்டங்களில் மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்ற அரசாங்கம் உதவி தருகிறதாம். மழைநீர்க் குழி, சொட்டுநீர்க் குழாய், மண்ணைத் தேற்ற உரம் எல்லாமே அதில் அடக்கமாம். அது வந்தால் தோட்டம் பிழைத்தது. விண்ணப்பத்தைக் குழுத் தலைவர்தான் எழுத வேண்டும் என்று விதி. அங்கேதான் எங்களுக்குச் சனி பிடித்தது.

அதிகாரி பார்வையிட வருவதாகச் சொன்ன வியாழக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் என் வண்டியைச் சுற்றி நின்றோம். அதிகாரி என்றால் ஜீப்பில் வருவார், முன்னும் பின்னும் நாலு பேர் வருவார்கள் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் ஒரு அம்மா ஸ்கூட்டரை மரத்தடியில் நிறுத்தி, "கொஞ்சம் நிழல்ல உக்காந்துக்கிறேன். இதுதான் அந்தத் தோட்டமா?" என்று கேட்டார். பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னேன்.

புதுக் காது கிடைத்தால் தவசிமுத்து அண்ணனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"அந்தத் தோட்டமாவா? ஒலகத்துலயே இது ஒண்ணுதான் தாயி தோட்டம். மத்ததெல்லாம் செடி வச்ச எடம். போன வருஷம் ஒரு அவரை விதை ஊனினேன். கைய எடுக்குறதுக்குள்ள கொடி மணிக்கட்டைச் சுத்திருச்சு. வெட்டி விட்டேன். விறுவிறுன்னு நாலாவது மாடிக்கு ஏறி, ஜன்னல் வழியா சமையக்கட்டுக்குள்ள போயி, நேரா சட்டிக்குள்ள காய்ச்சிருச்சு. அந்த வீட்டம்மாவுக்கு அடுப்பைப் பத்த வைக்கிற வேலை மட்டும்தான்."

ஜெயராணி அக்கா களைக்கொத்தோடு திரும்பினாள். "ஏண்ணே, நாம அவரையே போட்டதில்லையே."

"போடாமயே இம்புட்டுன்னா, போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அண்ணனுக்கு அது போதாதா?

"பூசணிக் கதை கேளு தாயி. ஒரே ஒரு காய். உருட்டவும் முடியல, வெட்டவும் மனசு வரல. உள்ள குடைஞ்சு எடுத்துட்டு, நாப்பது நாற்காலி போட்டு சங்கக் கூட்டமே அதுக்குள்ளதான் நடத்துனோம். பேசிப் பேசிப் பசிச்சா, சுவத்தைச் சுரண்டி அல்வா கிண்டிக்கிறது."

"வாசல் இருந்துச்சாண்ணே?" என்றேன் நான், காலரைத் தேய்த்துக்கொண்டே.

"வாசல் இல்லாம பின்ன எப்படி உள்ள போறது? மேக்க பாத்த வாசல். அது ராசி இல்லைன்னு, அடுத்த காயைக் கெழக்க பாத்துக் காய்க்கச் சொல்லிட்டேன்."

"காய்ச்சுச்சா?"

"நான் சொல்லிக் காய்க்காத காய் உண்டா அய்யாவு? அதை விடு. மண்புழுவைச் சொல்லலையே! முன்னாடி ரோட்டுல ஒரு மணல் லாரி சேத்துல பொதைஞ்சு போச்சு தாயி. கிரேன் வந்துச்சு, அசையல. நான்தான் தோட்டத்துல இருந்து ரெண்டு மண்புழுவ அவுத்து விட்டேன். ஒரே இழுப்பு."

"அவுத்து விட்டீங்களா? கட்டியா வச்சிருந்தீங்க?" என்றாள் அக்கா.

"கட்டாம விட்டா ஜல்லிக்கட்டுக்கு ஓடிருதே! போன தைக்கு அப்படித்தான் ஒண்ணு வாடிவாசல் வழியா எறங்கிருச்சு. மாடுபிடிக்கிற பயலுக ஒருத்தனுக்கும் அகப்படல. திமில் எங்க இருக்குன்னே தெரியாம முழிச்சாய்ங்க. கட்டிலு, பீரோ எல்லாப் பரிசும் நம்ம புழுவுக்குத்தான்."

மூன்றாவது பிளாக் சூசையப்பனுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அந்த அம்மா மட்டும் சாவதானமாகக் கேட்டார். "தண்ணி வசதி எப்படிங்க?"

"தண்ணியா?" அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு அடி ஆழத்துக்குத்தான் குழி தோண்டுனேன். மேல போன மேகம் ஒண்ணு என்னன்னு எட்டிப் பாத்துச்சு. தடுக்கி உள்ள விழுந்துருச்சு. மழை இல்ல தாயி, முழு மேகம்! இன்னும் அடியிலதான் கெடக்கு. அப்பப்ப உள்ளயே இடி இடிக்கும்."

"அது போர் மோட்டார்ண்ணே" என்றேன்.

"நீ இஸ்திரிய மட்டும் பாரு. வைகை காஞ்ச வருஷம் ஆத்துக்கே இங்கருந்துதான் குழாய் போட்டுத் தண்ணி விட்டோம். ஆறு வந்து கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

"அப்ப மண்ணுக்கும் தண்ணிக்கும் ஒரு குறையும் இல்ல?"

"குறைங்கிற பேச்சுக்கே எடம் இல்ல. நீச்சல் தெரியாத ஆளை நாங்க தோட்டத்துக்குள்ள விடுறதே கிடையாது."

அந்த அம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். எங்கள் விண்ணப்பம். அண்ணனின் கோழிக்கிறுக்கல் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"இதுலயும் இப்படித்தான் எழுதியிருக்கீங்க. மண்ணின் நிலை: பொன் விளையும். நீர் வசதி: கடல் பொறாமைப்படும். தேவைப்படும் உதவி: தங்கள் விருப்பம்." தாளை மடித்துக்கொண்டு சொன்னார். "நான் மங்கையர்க்கரசி. ஆய்வுக்கு வந்திருக்கேன்."

சூசையப்பன் இருமல் நின்றுபோனது. என் கைக்கடியில் ஒரு வெள்ளைச் சட்டை கருகி வாசம் வந்தது.

"இது மண்ணு கெட்டுப்போன, தண்ணி பத்தாத தோட்டத்துக்குத் தர்ற உதவிங்க" என்றார் அதிகாரி. "குறையே இல்லாத எடத்துக்குக் கொடுக்க எங்களுக்கு விதி இல்ல."

ஜெயராணி அக்கா களைக்கொத்தைக் கீழே போட்டாள். "அண்ணே, நீங்க நல்லா இருப்பீங்களா? எது இல்லைன்னு கேட்டா எல்லாம் இருக்குன்னா எழுதுவாங்க?"

"வெளியாளுகிட்ட நம்ம வீட்டுக் குறையச் சொல்றதா ஜெயராணி?" அண்ணனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட, பொண்ணுக்குக் குழம்பு வைக்கத் தெரியாதுன்னா சொல்லுவோம்?"

"இது பொண்ணு பாக்குறது இல்லண்ணே, ஆஸ்பத்திரி. வலிக்குதுன்னு சொன்னாத்தான் மருந்து."

வாய்க்கு வந்ததைப் பேசி ஒரு தோட்டத்தையே தொலைத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணன் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார். தலையில் கைவைத்து உட்காருவார் என்று நினைத்தேன். அவரா உட்காருவார்?

"மேடம், நான் சொன்னதெல்லாம் போன வருஷத்து நெலவரம். இந்த வருஷத்தை இப்பக் கேளுங்க. மண்ணு அம்புட்டு மோசம்! வெண்டை விதை போட்டா, ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு, அதுவா எந்திரிச்சு வந்து பாக்கெட்டுக்குள்ள படுத்துக்கிருது."

அதிகாரி பேனாவைத் திறந்தார். அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"காக்காய்க்கு நாமதானே சோறு வைப்போம்? இங்க வர்ற காக்கா வீட்டுலருந்து சோறு கட்டிக்கிட்டு வந்து, எங்களுக்கு ரெண்டு பருக்கை வச்சுட்டுக் கா கான்னு கூப்பிடுது மேடம். பாத்தாப் பாவமா இருக்காம் அதுக்கு."

"லாரி இழுத்த மண்புழு?"

"எல்லாம் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருச்சு. பொங்கலுக்கு வந்து தலையக் காட்டிட்டுப் போகுது."

"நாப்பது நாற்காலி போட்ட பூசணி?"

"வெயில்ல சுருங்கி, சுருங்கி, சுருங்கி... அந்தா, ஜெயராணி மூக்குத்தியில கல்லா இருக்கு."

அக்கா கை தன்னை அறியாமல் மூக்குக்குப் போனது.

"அப்ப மேகம்?"

"அது அன்னிக்கே ஓட்டை வழியா போயிருச்சு. ஒரு கொடம் தண்ணி ஊத்துனா மண்ணு ஒரு சொட்டைக்கூடப் புடிச்சு வைக்கிறது இல்ல. நேரா எறங்கி, பூமிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவுல ஒருத்தன் தலையில கொட்டுது. வெண்டைக்குத் தண்ணி விடுற நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்க, குடை எடுத்துட்டுப் போறேன்னு கடுதாசி போட்டிருக்கான்."

"முடிஞ்சுதா?"

"இனிமேத்தான் மேடம் முக்கியமான கட்டமே."

"போதும்." அதிகாரி அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

அக்கா கத்தரிப் பாத்திக்குப் போய் ஒரு மண்கட்டியைப் பெயர்த்து வந்து அதிகாரி கையில் வைத்தாள்.

"இதுதாங்க எங்க மண்ணு. அடியில பழைய தொட்டியோட சிமெண்டு கெடக்கு, கால் அடிக்குக் கீழ வேர் எறங்கல. போர் தண்ணி ஊத்துனா எலை கருகுது. வீட்டுக்கு வர்ற குடிதண்ணியில மிச்சம் புடிச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒம்பது கொடம் தூக்கியாந்து ஊத்துறோம். இருந்தும் இந்தச் செடி சாகல. காரை நிப்பாட்டிட்டாங்கன்னா இதைப் பாக்க எனக்குக் குடுத்து வைக்காது."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, துண்டு நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். அவர் வாய் மூடி நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி கட்டியை விரலால் நொறுக்கிப் பார்த்தார். கடப்பாரையால் ஒரு இடத்தில் குத்தச் சொன்னார், 'டங்' என்று சிமெண்டு சத்தம் கேட்டது. மண்ணைப் பொட்டலம் கட்டி, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, நெடுநேரம் எழுதினார். கிளம்பும்போது மட்டும் அண்ணனைப் பார்த்து, "உங்க முழுப் பேரு என்ன?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. உதவி உண்டு! ஜெயராணி அக்கா அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. சங்கம் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. சிமெண்டைப் பெயர்த்தார்கள், மழைநீர்க் குழி வெட்டினார்கள். சுண்ணாம்புக் கோடு போன இடத்தில் இப்போது சொட்டுநீர்க் குழாய் போகிறது. எல்லோரும் பார்க்கட்டும் என்று உத்தரவின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தோட்டத்துக் கேட்டில் கட்டி வைத்தோம்.

போன வாரம் புதிதாகக் குடிவந்த ஒருத்தர் துணி போட வந்தார். அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அரசாங்க உத்தரவுல என் பேரு இருக்கு தெரியுமா? எனக்குன்னே தனியா ஒரு நிபந்தனை போட்டிருக்காய்ங்க."

வந்தவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "இவரைப் பத்தி அப்பவே சொன்னாங்க. இதுக்கும் ஒரு அளவு வேணாமாங்க?"

"அய்யாவு, நீயே சொல்லுப்பா!" அண்ணன் முகம் சிவந்துவிட்டது.

"சத்தியமா உண்மைங்க" என்றேன். வந்தவர் என்னையும் புளுகர் லிஸ்டில் சேர்த்துக்கொண்டு சிரித்தார்.

தோட்டத்துக்குள்ளிருந்து அக்கா குரல் வந்தது. "கேட்டுலதானே தொங்குது. வாசிச்சுக் காட்டுங்கண்ணே."

"கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றார் அண்ணன். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

வந்தவரே போய் உரக்க வாசித்தார். "நிபந்தனை ஏழு. தோட்டத்தின் மண், நீர், விளைச்சல் பற்றி எந்த விவரத்தையும் குழுத் தலைவர் திரு. வீ. தவசிமுத்து எழுத்து மூலமாகவோ வாய்மொழியாகவோ தெரிவிக்கக் கூடாது. திருமதி ஜெயராணி மட்டுமே தெரிவிக்க வேண்டும்."

வந்தவர் அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "பாத்தீங்களா தம்பி? ஊருல யாரு வேணும்னாலும் பேசலாம். அரசாங்கமே பயந்து உத்தரவு போட்டது இந்த ஒரு வாய்க்குத்தான். எதுனால? போன வாரம் காய்ச்ச கத்தரிக்காய் இருக்கே, அதுக்குள்ள ரெண்டு படுக்கை அறை..."

"அண்ணே, நிபந்தனை ஏழு" என்றாள் அக்கா, குனிந்த தலை நிமிராமல். "வந்து குழாயத் திருகி விடுங்க."