மருந்து விடாத குவளை

முன்னொரு காலத்தில் என்று இதைத் தொடங்க முடியாது. மரப்படகை விட்டு ஊர் பைபர் படகுக்கு மாறிய பிறகு நடந்தது. கடலோரத்தில் ஒரு படகுப் பட்டறை இருந்ததாம். அதற்கு ஜெலஸ்டின் ஆசான். வயது முப்பத்தைந்துதான். அவரிடம் தொழில் கற்க வந்த ஓஸ்வால்டுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. தம்பியைக் கடல் கொண்டுபோன பிறகு வலையைத் தொடாதவர்.

சீடர் ‘ஆசானே’ என்பார். ஆசான் ‘அண்ணே’ என்பார். அப்படியே பழகிவிட்டது.

ரெசின் என்கிற பிசினில் ஒரு மூடி மருந்து விட்டால்தான் அது இறுகும். அதைக் கண்ணாடி நார் விரிப்பின் மேல் பூசி, அடுக்கடுக்காகப் படகை வார்ப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கையைத் துடைத்துக்கொண்டே ஓஸ்வால்டு கேட்டார்.

“ஆசானே, மருந்து விடாத ரெசின் நாள்பட்டா தானா இறுகாதா?”

ஆசான் இரண்டு குவளைகளில் ரெசின் ஊற்றினார். ஒன்றில் மட்டும் மருந்து விட்டுக் கலக்கினார்.

“புடிச்சுப் பாருங்க அண்ணே.”

மருந்து விட்டது சூடேறிக்கொண்டே வந்தது. பிடிக்க முடியாமல் ஓஸ்வால்டு அதைக் கீழே வைத்தார். மற்றது குளிர்ந்தே இருந்தது.

“ரெண்டும் இங்கயே கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ஆசான் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஓஸ்வால்டு முந்தாநாள், வார்த்துக்கொண்டிருந்த படகின் அடிவயிற்றில் ஒரு குவளை ரெசினை மருந்தில்லாமல் பூசியிருந்தார். நினைவு வந்தபோது அதன் மேல் இரண்டு அடுக்கு ஏறி இறுகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. விடிந்தால், அந்தப் படகுக்குச் சொல்லியிருந்த மீனவர் வியாகுலம் அதை எடுக்க வருகிறார். அவரும் அவருடைய இரண்டு மகன்களும் அதில்தான் கடலுக்குப் போவார்கள்.

காலையில் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தார். ஒரு குவளையில் கல். மற்றதில் ஓர் ஈ விழுந்து இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது.

ஆசான் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

“இறுகினதைச் சூடு காட்டி இளக்கலாமா, ஆசானே? பிளாஸ்டிக் வாளி உருகுதே.”

ஆசான் அந்தக் கல்லில் ஒரு சில்லைத் தட்டி எடுத்து அடுப்பில் போட்டார். அது புகைந்தது, கறுத்தது. ஓரம்கூட வளையவில்லை.

“அப்போ உள்ள ஒரு தப்பு இருந்தா?”

“வெட்டணும். டீ ஆறுது, குடிங்க.”

வியாகுலம் மகன்களோடு வந்து சேர்ந்தார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். படகைக் கொடுக்கும் முன், பூசியவரே அடிப்பகுதி முழுக்க ஒரு நாணயத்தால் தட்டிக் காட்ட வேண்டும். நன்றாக இறுகிய இடம் டங்கென்று பேசும். உள்ளே கெட்ட இடம் பொத்தென்று கிடக்கும்.

ஓஸ்வால்டு தட்டினார். டங், டங்.

“கோயில் மணி மாதிரில்லா இருக்கு. பூசைக்கு நேரமாச்சா?” என்றான் மூத்தவன்.

ஓஸ்வால்டு சிரிக்கவில்லை. அடிவயிற்றில் ஒரு சாண் இடத்தைத் தாண்டிப் போய் மறுபடி தட்டினார்.

“முடிஞ்சுதா அண்ணே?”

“முடிஞ்சுது.”

ஆசான் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“முதல் ஓட்டத்துக்கு நான் மட்டும் போறேன். நீங்கல்லாம் கரையில நில்லுங்க.”

வியாகுலம் சிரித்தார். “முழங்கால் தண்ணிக்கே மாதாவைக் கூப்புடுற ஆளு நீ. நீந்தத் தெரியாதவன் தனியா கடலுக்குப் போறானாம்.”

ஆசான் படகின் விளிம்பைப் பிடித்தார்.

ஓஸ்வால்டு திரும்பிப் போய், தாண்டிவந்த இடத்தில் தட்டினார்.

பொத்.

“என்ன சத்தம் அது?” என்றார் வியாகுலம்.

“மருந்து விட மறந்துட்டேன். தெரிஞ்ச பிறகும் மறைச்சுட்டேன்.”

வியாகுலம் மகன்களைப் பார்த்தார். நாணயத்தை வாங்கித் தானும் ஒரு தடவை அங்கே தட்டினார்.

“வெட்டிப் பூசிட்டுச் சொல்லி அனுப்புங்க. அடுத்த தடவை நான்தான் தட்டுவேன்.”

அவர்கள் போன பிறகு, ஆசான் ரம்பத்தை எடுத்துவந்து நீட்டினார். ஓஸ்வால்டு அதை வாங்கிக்கொண்டார்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா, ஆசானே?”

“செவ்வாய்க்கிழமையே தெரியும். குப்பியில ஒரு மூடி மருந்து மிச்சம் இருந்துது.”

“தெரிஞ்சுமா ஏறப் போனீங்க? உங்களுக்கு நீந்தத் தெரியாதே.”

“அது உங்களுக்குத் தெரியுமே, அண்ணே.”

சொல்லிவிட்டு ஆசான் டீக் கிளாஸ்களைக் கழுவப் போனார்.