வழி கேட்டால் விருந்தாளி

மரங்களை எண்ண மனிதர் போதாத காலத்திலே நீலவாகை என்றொரு காடு இருந்ததாம். உச்சியில் தேன்குடியார், சரிவில் பிரம்புக்குடியார், ஓடைக்கரையில் மீன்குடியார். யாருக்கும் வேலியில்லை. வழி கேட்டவர் விருந்தாளி என்பது ஒன்றே அங்கே சட்டம்.

படையை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுத் தளபதி விசயகண்டர் நடுக்காட்டுக்கு வந்து, மூன்று குடியாரையும் கூட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "வேலியில்லாத காட்டுக்கு உடையவன் ஏது? இனி இது என் காடு. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் வெளியேறுங்கள்!"

அந்த நாற்காலியைச் சுமந்து அவருக்கு வழிகாட்டி வந்த பிரம்புக்குடிப் பெண் செம்பி சொன்னாள்: "ஆகட்டும் எசமான். சொந்த வீட்டுக்காரருக்கு வாசல் தெரியாமலா போகும்? தனியா வாசல்வரை போயிட்டு வாங்க. நாங்க மூட்டை கட்டிடுறோம்."

"இது ஒரு காரியமா!" என்று மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பியவர், சுற்றிச் சுற்றி அதே நாற்காலிக்கே வந்து சேர்ந்தார். வேறு பக்கம் போனார். மறுபடியும் நாற்காலிதான் எதிரே நின்றது. பொழுதும் சாய்ந்தது.

"ஏம்மா... வெளியே போக வழி எது?"

மூன்று குடியாரும் சிரித்துவிட்டார்கள்.

"அப்படி வாங்க விருந்தாளி! தேனும் மீனும் சாப்பிட்டுட்டுப் போகலாம். வந்தவங்களைப் பட்டினியா அனுப்புற வழக்கம் எங்க காட்டிலே இல்லே" என்றாள் செம்பி.

சாப்பாடு முடிந்ததும் செம்பி கைவீசி முன்னே நடந்தாள். நாற்காலியைத் தன் தலையிலே தூக்கிக்கொண்டு தளபதி பின்னாலே போனார்.